4 விநாடியில் நழுவிய தங்கம்... இரண்டே நாளில் கைக்கு வந்தது!

சீறிப் பாயும் தண்ணீருக்கு மேலே ஜோடி ஜோடியாகக் கம்பங்கள் தொங்கும். அவற்றின் நடுவே படகைச் செலுத்த வேண்டும். கம்பத்தில் லேசாக உரசினாலே 2 விநாடி அபராதம். இதுதான் கனூ ஸ்லாலம்.

18 வயதில் லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர், ஆஸ்திரேலியாவின் ஜெசிகா ஃபாக்ஸ். ரியோவில் வெண்கலம். டோக்கியோ கயாக் இறுதிச்சுற்றில் இரண்டு உரசல், 4 விநாடி அபராதம். அது மட்டும் இல்லையென்றால் தங்கம்! மறுபடியும் வெண்கலமே மிஞ்சியது. பயிற்சியாளரான அம்மா மிரியம் 1996-ல் அட்லாண்டாவில் வென்றதும் வெண்கலம்தான். (வீட்டு ராசியோ!)

இரண்டு நாள் கழித்து கனூ. மண்டியிட்டு, ஒற்றைப் பக்கத் துடுப்பால் செலுத்த வேண்டும். பெண்களுக்கான இந்தப் பிரிவு ஒலிம்பிக்குக்கு வந்ததே அப்போதுதான். ஒரு கம்பத்தையும் தொடாமல் தங்கத்தைத் தொட்டார் ஜெசிகா.

2024 பாரிஸில் கயாக், கனூ இரண்டிலுமே தங்கம். அதே பாரிஸில் தங்கை நோயமியும் கயாக் கிராஸில் ஒரு தங்கத்தைத் தட்டிவந்தார்!