குண்டானும் செஞ்சேறும்

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் எங்கள் குழு சாம்பார் சாதம் கொடுக்கும். முப்பது வருஷம் வேதியியல் வாத்தியாராக இருந்தவன் என்பதால் பாத்திரக் கணக்கு என் தலையில். போன மாதம் பெரிய அலுமினியக் குண்டான் அடியில் பொத்தல் விட்டது. வெறும் எடையே ஐந்து கிலோ. தேய்த்துக்கொண்டிருந்த பையன் கேட்டான்: "இதெல்லாம் எந்த மண்ணுலேருந்து சார் வருது?"

"ஏற்காட்டு மண்ணா இருக்கலாம்பா" என்றேன். அவன் நம்பவில்லை.

ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் தாதுவைக் கொண்டு மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965 முதல் அலுமினியம் எடுத்தது. 'மால்கோ' என்றால்தான் அந்தப் பக்கத்தில் தெரியும். சேலத்தில் படித்தபோது அணை பார்க்கப் போனேன். அணையை விட மனதில் நின்றது, ஈரம் காயாத ஒரு செக்கச்செவேல் பரப்பு. குனிந்து தொடப்போனவனை ஒரு தொழிலாளி தடுத்தார்: "தம்பி, ரெட் மட்டு. தொடாத, கை அரிச்சிடும்." 2008 இறுதியில் அங்கே உற்பத்தி நின்றது. அதுவரை சேர்ந்த சேறு நாற்பது வருஷத்துச் சேறு.

அது எப்படி வருகிறது என்பதை அந்தப் பையனுக்குச் சோறு வடிப்பதை வைத்தே சொன்னேன். பாக்சைட்டை அரைத்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் அழுத்தமும் சூடும் கொடுத்து வேக வைக்கிறார்கள். அலுமினியம் கரைந்து கஞ்சியோடு போய்விடும். இரும்பு, டைட்டானியம், மணல் சத்து எல்லாம் அடியில் தங்கும். நாம் கஞ்சியை வடித்துச் சோற்றை வைத்துக்கொள்வோம். இங்கே சரக்கு கஞ்சியில், அடியில் நிற்பது செஞ்சேறு. கார்ல் ஜோசப் பேயர் என்ற ஆஸ்திரியர் 1888 வாக்கில் கண்ட முறை இது. அவர் தேடியது பாத்திரத்துக்கான உலோகத்தையல்ல, துணியில் சாயம் பிடிக்க வைக்கும் அலுமினியச் சேர்மத்தை! உலகம் இன்றும் பெரும்பாலும் அவர் வழியில்தான் வேக வைக்கிறது.

அந்தக் கஞ்சியிலிருந்து ஒரு டன் அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு, எடுத்தால் ஒன்று முதல் ஒன்றரை டன் சேறு மிஞ்சும். ஒரு டன் அலுமினியத்துக்கு இரண்டு டன் அலுமினா வேண்டும். ஆக எங்கள் ஐந்து கிலோ குண்டானுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து கிலோ சேறு எங்கோ கிடக்கிறது. கிடப்பது சும்மாவும் கிடக்காது. 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்க்கா ஊரருகே தேக்கக் கரை உடைந்து 10 பேர் மாண்டார்கள். 2019 ஏப்ரலில் ஜார்க்கண்டின் முரியிலும் சேற்றுக் குவியல் சரிந்தது.

இந்தச் சேற்றில் 30 முதல் 60 சதவீதம் வரை இரும்பு ஆக்சைடு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பக்கத்துக் கவுத்திமலை ஞாபகம் வரும். அங்கேயும் வேடியப்பன் மலையிலும் இரும்புத் தாது தோண்டும் திட்டம் வந்தபோது சுற்றுவட்டார ஊர்கள் எதிர்த்து நின்றன. மலையை உடைக்காமல், ஏற்கெனவே மாவாக அரைத்து வைத்திருக்கும் சேற்றிலிருந்து இரும்பு எடுக்க முடியாதா?

முடியும். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள், ஹைட்ரஜன் கலந்த மின்வில் உலையில் செஞ்சேற்றை உருக்கிப் பத்தே நிமிடத்தில் இரும்பைப் பிரித்ததாக 2024 ஜனவரியில் எழுதினார்கள். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு கைப்பிடிக்கும் குறைவு. ஆலை அளவில் சங்கடம் வேறு: சேறு ஈரம், அதில் சோடா, துகளோ முகப்பவுடர் போல நைசு. சுரங்கத்து நல்ல தாது மலிவாகக் கிடைக்கும்வரை எந்த முதலாளியும் இதைத் தொட யோசிப்பார்.

இரும்பை விடப் பத்திரிகைகளுக்குப் பிடித்தது கேலியம் என்ற உலோகம். கார்த்திகைக்குக் கோபுரத்தில் தொங்கும் எல்.இ.டி. சரங்களுக்குள் இருப்பது. 30 டிகிரியிலேயே உருகும். நம்மூர்ச் சித்திரையில் நிழலில் வைத்தாலும் நிற்காது. 2023 ஆகஸ்டில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டதிலிருந்து எல்லோருக்கும் அதன் மேல் கண். ஆனால் ஒரு டன் பாக்சைட்டில் அது சுமார் 50 கிராம்தான்; அதிலும் பெரும்பங்கு கஞ்சியோடு போய்விடுவதால், அந்தக் கரைசலிலிருந்துதான் பிரிக்கிறார்கள். எத்தனை கிலோ கேலியம் எடுத்தாலும் சேற்று மேடு ஒரு சாண்கூட இறங்காது.

போபால் ஆய்வகம் ஒன்று எக்ஸ்ரே அறைச் சுவருக்கு ஈயத்துக்குப் பதிலாகச் செஞ்சேற்று ஓடு செய்திருக்கிறது. நல்ல வேலை, ஆனால் நாட்டில் எத்தனை எக்ஸ்ரே அறை இருக்கும்?

லட்சக்கணக்கான டன்னை விழுங்கக்கூடிய வயிறு சிமெண்டுக்குத்தான். சிமெண்டுச் சூளைக்குக் கொஞ்சம் இரும்பு வேண்டும். அதற்காகச் செம்பாறாங்கல்லைத் தோண்டுகிறார்கள். அதற்குப் பதில் சேற்றைப் பிழிந்து அடையாக்கிச் சேர்க்கலாம். சோடா மிகுந்தால் சிமெண்டு கெடும் என்பதால் நூற்றுக்குச் சில பங்குதான். 2020-இல் ஹிண்டால்கோ அலுமினியக் கம்பெனி, ஆண்டுக்கு 12 லட்சம் டன் சேற்றை அல்ட்ராடெக் சிமெண்டு ஆலைகளுக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்டது. கேலியம் அளவுக்கு இதில் கவர்ச்சி இல்லை. என்னைக் கேட்டால் அரசுப் பணமும் ரயில் வாடகைச் சலுகையும் முதலில் போக வேண்டியது இதற்குத்தான்.

பொத்தல் குண்டானைப் பையனும் நானும் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டோம். தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் மின்சக்தியில் இருபதில் ஒரு பங்கே அதை உருக்கப் போதும். செஞ்சேறு ஒரு கரண்டிகூட வராது.