தூசிக்கு ஓர் அகராதி

'கல்நார்' என்று ஓர் அழகான சொல் தமிழில் உண்டு. கல்லைப் போலப் பூமியிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். நாரைப் போலப் பிரித்து நூற்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் "ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்" என்றால்தானே நமக்குப் புரிகிறது! ஆஸ்பெஸ்டாஸ் என்பது கிரேக்கச் சொல். 'அணைக்க முடியாதது' என்று அர்த்தம்.

வெறும் பெயர்தானே என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வியாதிக்குப் பெயர் இல்லாததால் ஒரு பெண்மணி பட்ட பாட்டைக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், கல்நார் ஆலையில் நூல் நூற்று வந்தவர் நெல்லி கெர்ஷா. 1922-ல் மூச்சு முட்டி வேலையை விட்டு நின்றார். 'கல்நார் விஷம்' என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். வந்தது வினை! வேலையால் வந்த நோய் என்பதால் சாதாரண நோயாளிக்குரிய உதவித் தொகை கிடையாது என்றார்கள். அப்படி ஒரு வியாதி சட்டத்தின் பட்டியலிலேயே இல்லை என்பதால் ஆலையின் நஷ்ட ஈடும் கிடையாது என்றார்கள். 1924-ல், 33 வயதில், அவர் கண்ணை மூடினார். அவருடைய நுரையீரலைச் சோதித்த டாக்டர் குக், 1927-ல் அந்த நோய்க்கு 'ஆஸ்பெஸ்டோஸிஸ்' என்று பெயர் சூட்டினார். 1931-ல் பிரிட்டனில் தூசியைக் கட்டுப்படுத்த விதிகள் வந்தன. பெயர் பிறந்த பிறகுதான் சட்டம் பிறந்தது!

ஆகவே, இந்தத் தொழிலில் புழங்கும் சில சொற்களை நாமும் தெரிந்துகொள்வோம்.

'ஃப்ரையபிள்': கையால் கசக்கினாலே பொடியாகிவிடுவது. கொதிகலன் குழாய்களில் சுற்றிய பழைய கல்நார் உறை இந்த ரகம். கூரை ஷீட்டில் நார் சிமெண்டோடு இறுகியிருக்கிறது. ஆனால் அதை அறுத்தாலோ, துளைத்தாலோ, உடைத்தாலோ நார் காற்றில் கலந்துவிடும்.

'அனுமதிக்கப்பட்ட அளவு': இதுதான் ஆளை ஏமாற்றும் சொல். அமெரிக்காவில் 1972-ல், ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 5 நார் வரை இருக்கலாம் என்றார்கள். 1976-ல் அது 2 ஆயிற்று, 1986-ல் 0.2, 1994-ல் 0.1. நுரையீரல் மாறவில்லை; கணக்குத்தான் மாறியது. அனுமதித்த அளவு என்றால் ஆபத்தே இல்லாத அளவு என்று அர்த்தமல்ல.

'லேட்டன்ஸி': அதாவது, மறைந்திருக்கும் காலம். இன்று சுவாசித்த தூசி 20, 30, 40 வருஷம் கழித்துக்கூட நோயாக எழும்பும். நுரையீரலைச் சுற்றியுள்ள ஜவ்வில் தோன்றும் 'மீஸோதீலியோமா' என்ற புற்றுநோய் அப்படிப்பட்டது. இதை மனத்தில் கொண்டுதான் நம் சுப்ரீம் கோர்ட் 1995-ல் ஓர் உத்தரவு போட்டது. கல்நார்த் தொழிலாளியின் ஆரோக்கியக் குறிப்பை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும்.

'வீட்டுத் தூசி': ஆலைக்குள் காலே வைக்காத மனைவிமார்களுக்கும் இந்தப் புற்றுநோய் வந்திருக்கிறது. கணவனின் வேலை உடுப்பை உதறித் துவைத்ததுதான் அவர்கள் செய்த குற்றம்! வேலை உடுப்பு வேலை இடத்திலேயே தங்க வேண்டும் என்ற விதியின் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய நாருக்குத் துண்டு ஒரு தடையா? இதற்கென்றே செய்த, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் சுவாசக் கவசம் வேண்டும். பழைய ஷீட்டை இறக்கும்போது தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். விழுந்த தூளைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது.

பிரிட்டன் 1999-ல் கல்நாரை அடியோடு தடை செய்தது. நம் ஊரில் கூரைகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த முறை ஷீட்டை அறுக்க ஆள் வரும்போது, கூலி பேசுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "நனைத்து அறுப்பீர்களா, உலர்ந்தபடியா? மூக்குக்கு என்ன கவசம்?" அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே!