டெக்சாகோ சமரசம்: பணத்தைவிட வலுவான நிபந்தனை

அமெரிக்க எண்ணெய் நிறுவனமான டெக்சாகோ மீது அதன் கறுப்பின ஊழியர்கள் 1994-இல் வழக்குத் தொடுத்தார்கள். சம்பளத்திலும் பதவி உயர்விலும் இனம் பார்த்துத் தங்களை ஒதுக்குகிறார்கள் என்பது புகார். சுமார் 1,400 பேர் சார்பில் நடந்த குழு வழக்கு அது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் நிறுவனம் இறங்கி வரவில்லை.

1996 நவம்பர் 4 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. வழக்குக்குத் தேவையான ஆவணங்களை மறைப்பது, அழிப்பது பற்றி மேலதிகாரிகள் ஒரு கூட்டத்தில் பேசியது ஒலிநாடாவில் பதிவாகியிருந்தது. பதிவு செய்தவரும் அந்தக் கூட்டத்தில் இருந்த அதிகாரிதான். ஆட்குறைப்பில் வேலை போனபின் நாடாக்களை ஊழியர்களின் வழக்கறிஞர்களிடம் கொடுத்துவிட்டார். பங்கு விலை சரிந்தது. புறக்கணிப்புக் குரல் எழுந்தது. பதினோரே நாளில் சமரசம் வந்தது: 17.61 கோடி டாலர்.

நிறுவனங்கள் இப்படி இறங்கி வர, அவப்பெயர் போலவே சட்டமும் காரணம். 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ், மன உளைச்சலுக்கும் தண்டனையாகவும் சேர்த்து ஒருவருக்கு அதிகபட்சம் 3 லட்சம் டாலர்தான் தர முடியும். ஆனால் இனப் பாகுபாட்டுக்கு 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் துணைக்கு அழைக்கலாம். அதில் உச்சவரம்பு கிடையாது. நடுவர் குழு எவ்வளவு விதிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊழியர்களுக்கும் பயம் உண்டு. விசாரணையில் தோற்கலாம், வென்றாலும் மேல்முறையீட்டில் ஆண்டுகள் ஓடும்.

குழு வழக்கில் இரு தரப்பும் கைகுலுக்கினால் மட்டும் போதாது. வழக்கில் அடங்கிய எல்லோருக்கும் நியாயமானதுதானா என்று நீதிபதி பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

டெக்சாகோ தொகையில் 11.5 கோடி டாலர் ரொக்கம், 2.61 கோடி ஊதிய உயர்வு. மீதி 3.5 கோடிதான் என் கண்ணில் முக்கியமானது. அது, ஆள் எடுப்பதையும் பதவி உயர்வையும் ஐந்து ஆண்டுகள் கண்காணிக்கும் ஏழு பேர் குழுவுக்கும் அதன் பணிகளுக்கும் போனது. மூவரை நிறுவனமும் மூவரை ஊழியர் தரப்பும் நியமிக்க, தலைவரை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுப்பது ஏற்பாடு. குழுவின் பரிந்துரையை ஏற்க மறுத்தால் நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போய்க் காரணம் சொல்ல வேண்டும். காசோலையைக் கொடுத்துவிட்டுப் பழைய வழிக்கே திரும்புவதை இந்த ஒரு நிபந்தனைதான் தடுத்தது. முதல் தலைவர் டெவல் பேட்ரிக். 1999-இல் அவரே டெக்சாகோவின் தலைமைச் சட்ட அதிகாரியானார்; கண்காணித்தவர் அங்கேயே பதவி ஏற்றது எனக்கு உறுத்துகிறது.

இந்தச் சமரசத்துக்கு ஊழியர்கள் கொடுத்த விலையும் உண்டு. டெக்சாகோ அவர்களிடம் பாகுபாடு காட்டியதா என்ற கேள்விக்கு எந்த நடுவர் குழுவும் விடை சொல்லவில்லை.