அளவீடுகளும் ஒப்பந்தக் கடமையும்

விஞ்ஞானப் பணிக்காக ஓர் அரசாங்கம் பிற நாட்டு அரசாங்கத்துடனோ, பல்கலைக்கழகத்துடனோ, தனியார் நிறுவனத்துடனோ ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது, கருவிகளின் விலை, கட்டட வசதி, ஊழியர் சம்பளம் முதலியவை பற்றிய விதிகள் விரிவாக எழுதப்பெறுகின்றன. கருவிகளிலிருந்து கிடைக்கும் அளவீடுகளை யார், எவருக்கு, எந்த வடிவில், எத்தனை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்னும் விதியோ சில வேளைகளில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆயினும், செலவிட்ட பொதுப்பணம் பயன் தருமா என்பதைத் தீர்மானிப்பதில் இவ்விதிக்குப் பெரும் பங்கு உண்டு. நூறாண்டு இடைவெளியில் திருவனந்தபுரத்தில் நிகழ்ந்த இரண்டு முயற்சிகளை ஒப்பிட்டு நோக்கினால் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

குன்றின்மேல் அமைந்த ஆய்வுக்கூடம்

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் ஆதரவில் 1837-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. ஜான் கால்டெகாட் அதன் முதல் இயக்குநராகப் பணியாற்றினார். 1852-இல் ஜான் ஆலன் புரூன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் அப்பொறுப்பை ஏற்றார். புவியின் காந்தப் புலத்தை அளப்பதில் அவர் தேர்ச்சி பெற்றவர். தாழ்ந்த இடத்திலும் உயர்ந்த இடத்திலும் ஒரே வேளையில் எடுத்த அளவீடுகளை ஒப்பிட வேண்டும் என்று கருதி, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையின் உச்சிப் பகுதியிலும் 1855-இல் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அடர்ந்த காட்டைக் கடந்து கருவிகளைக் கொண்டு சென்று, குளிரிலும் மழையிலும் ஊழியர்கள் அங்கே அளவீடுகளைக் குறித்து வந்தனர்.

காந்த ஊசி மெய்வடக்கிலிருந்து விலகி நிற்கும் கோணத்திற்குக் காந்த ஒதுக்கம் என்று பெயர். இது நாள்தோறும் மிகச் சிறிய அளவில் மாறிக்கொண்டே இருக்கிறது. ஓரிரு நாள் அளவீட்டால் இம்மாற்றத்தின் ஒழுங்கை அறிய முடியாது; பல ஆண்டுகள் இடைவிடாது அளந்தாக வேண்டும். அவ்வாறு அளந்தவற்றைப் பிற நாட்டு நிலையங்களின் அளவீடுகளோடு ஒப்பிட்டதன் பயனாகவே, காந்தப் புலத்தின் மாறுதல்கள் தொலைதூர இடங்களிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்கின்றன என்பதையும், அவற்றில் சுமார் 26 நாள் கொண்ட ஒரு சுழற்சி உண்டு என்பதையும் புரூன் கண்டறிந்தார். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு அச்சுழற்சிக்குத் தொடர்பு உண்டு.

இத்துணைச் சிறப்புடைய அளவீடுகள் உலகின் கைக்கு எப்பொழுது வந்து சேர்ந்தன? புரூன் 1865-இல் பதவியிலிருந்து விலகி ஐரோப்பாவுக்குத் திரும்பினார். கணக்கிட்டுத் திருத்தி அச்சிடும் பணியை அங்கே தொடர்ந்தார். 1852 முதல் 1869 வரையிலான காந்த ஒதுக்க அளவீடுகள் பற்றிய முதல் தொகுதி லண்டனில் வெளியான ஆண்டு 1874 ஆகும். முதலாண்டு அளவீடு அச்சேற 22 ஆண்டுகள் சென்றன. 1878-இல் ராயல் சங்கம் புரூனுக்கு ராயல் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

இங்கே பணத்திற்குக் குறைவில்லை. திருவிதாங்கூர் அரசாங்கம் தாராளமாகச் செலவிட்டது. திறமைக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. அளவீடுகளை வெளியிடும் சுமை மட்டும் ஒரு தனி மனிதரின் தோள்மீது தங்கியிருந்தது. அவருடைய உடல்நலமும் ஆயுளும் எவ்வளவோ, வெளியீடும் அவ்வளவே என்றாயிற்று.

தும்பாவில் தோன்றிய மாற்றம்

புவியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்திற்கு அருகே செல்வதால், அந்நகரை அடுத்த தும்பா என்னும் கடற்கரைக் கிராமம் விண்வெளி ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றது. காந்த நடுக்கோட்டிற்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் பகற்பொழுதில் வலுவாக ஓடுகிறது. பலூன்கள் அவ்வளவு உயரத்தை எட்டுவதில்லை. செயற்கைக் கோள்கள் அதற்கு மிக மேலே செல்கின்றன. ஆகவே ராக்கெட்டே அதற்கேற்ற சாதனமாகும். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாலையில் முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பெற்றது. ராக்கெட் அமெரிக்காவினுடையது, அதில் வைக்கப்பெற்ற சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் நாட்டினுடையது, ஏவுதளம் இந்தியாவினுடையது.

மூன்று நாடுகள் கூடிச் செய்யும் பரிசோதனையில், அளவீடு எவருக்கு உரியது என்னும் வினா முன்கூட்டியே தீர்க்கப்பெற வேண்டும். பன்னாட்டு ராக்கெட் ஏவுதளங்கள் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவைப் பெறுவதற்கான அடிப்படைக் கோட்பாடுகளை அச்சபை 1962-இல் ஏற்றுக்கொண்டது. 1965-இல் தும்பாவுக்கு அவ்வாதரவு வழங்கப்பெற்றது. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அந்நிலையத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். நிலையத்தின் பணிகள் குறித்து அச்சபையின் விண்வெளிக் குழுவுக்கு இந்தியா அறிக்கை அளித்து வந்தது.

இதனினும் தெளிவான சான்று ஒன்று உண்டு. சோவியத் நாட்டு வானிலைத் துறையுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1970 டிசம்பர் முதல் 1993 வரை புதன்கிழமைதோறும் எம்-100 என்னும் வானிலை ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் சுமார் 80 கிலோமீட்டர் உயரம் வரையுள்ள காற்றின் வேகம், திசை, வெப்பநிலை ஆகியவற்றை அளந்தன. நாள், கருவி, அளவை முறை ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தமையால், வேறு அட்சரேகைகளில் எடுக்கப்பெற்ற அளவீடுகளோடு தும்பாவின் அளவீடுகளை ஒப்பிட முடிந்தது. ஊழியர்கள் மாறினர், 1991-இல் சோவியத் நாடே கலைந்தது. இவற்றினிடையே 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வரிசையில் அளவீடுகள் நிலைத்தன. கடமையைத் தனி மனிதரிடம் விடாமல் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டதன் பயன் இது.

விதியில் இருக்க வேண்டியவை

நல்ல ஒப்பந்தம் ஒன்றில் ஐந்து செய்திகள் தெளிவாக இருத்தல் வேண்டும். முதலாவது, எதை, எந்த அலகில், எந்த நேரத்தில் அளப்பது. இரண்டாவது, அறிக்கை சேர வேண்டிய கெடு. மூன்றாவது, அளவீட்டோடு கருவியின் விவரம், திருத்தங்கள், தடங்கல்கள் ஆகியவற்றையும் எழுதி அனுப்பும் கடமை. நான்காவது, அளந்தவர் முதலில் ஆராய்ந்து வெளியிடுவதற்கு உரிய காலம். விண்வெளி ஆய்வு உடன்பாடுகளில் இதற்கு ஓராண்டு அளிப்பது வழக்கம். ஐந்தாவது, அக்காலம் முடிந்தபின் அளவீடுகளை நிலையாகப் பாதுகாக்கும் இடமும் அதற்கு ஆகும் செலவும்.

உலக நாடுகள் இந்நெறியைப் பல துறைகளில் ஏற்றுள்ளன. 1957–58-இல் நடைபெற்ற சர்வதேச பூபௌதிக ஆண்டின்போது உலக அளவீட்டு மையங்கள் தோன்றின. 1959-இல் கையெழுத்தான அண்டார்க்டிகா உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவு, அங்கே கிடைக்கும் விஞ்ஞான முடிவுகள் தடையின்றிப் பரிமாறப்பெற வேண்டும் என்று கூறுகிறது. கடலில் மிதக்கும் ஆர்கோ கருவிகளின் அளவீடுகள் 24 மணி நேரத்திற்குள் உலகுக்குக் கிடைக்க வேண்டும் என்பது ஏற்கப்பெற்ற இலக்காகும். பொதுப்பணத்தில் சேகரிக்கப்பெறும் விவரங்களைப் பகிர்வதற்கான தேசியக் கொள்கையை இந்திய அரசாங்கம் 2012-இல் வெளியிட்டது.

களப்பணியாளரின் பங்கு

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோர் தலைநகரங்களில் இருக்கின்றனர். அதை நிறைவேற்றுவோர் தாலுகா அலுவலகத்தில் மழைமானியை அளக்கும் பணியாளரைப் போன்றவர்களே. நம் நாட்டில் மழையளவு காலை 8.30 மணிக்குக் குறிக்கப்பெறுகிறது. மழை பெய்யாத நாளில் சுழி என்று எழுத வேண்டும். கட்டத்தை வெறுமையாக விடலாகாது. சுழி என்பது மழை இல்லை என்று கூறும் அளவீடாகும். வெறும் கட்டமோ, அன்று எவரும் அளக்கவில்லையா, அளந்தும் எழுதவில்லையா என்னும் ஐயத்தையே விட்டுச் செல்கிறது. விடுமுறை நாளன்று அளக்கத் தவறினால் அதையும் அவ்வாறே குறிப்பிட வேண்டும். ஊகித்து நிரப்பிய எண் வெறும் கட்டத்தினும் தீயது. வறட்சி நிவாரணமும், பாசன நீர்ப் பங்கீடும், பாலத்தின் உயரமும் இவ்வெண்களைக் கொண்டே தீர்மானிக்கப்பெறுகின்றன. அறிக்கை தவறினால் அதன் விளைவு குடியானவரின் வயலில் தெரியும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தைப் பள்ளியிலேயே தொடங்கலாம். பள்ளியில் மழைமானியும் வெப்பமானியும் இருக்குமாயின், மாணவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்து, யார் அளப்பது, எப்பொழுது எழுதுவது, எவரிடம் ஒப்படைப்பது, ஒருவர் வராத நாளில் யார் பொறுப்பு என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளலாம். ஆண்டு முடிவில் அப்பதிவேட்டை அடுத்த வகுப்பு மாணவர்களிடம் ஒப்படைத்தல் வேண்டும். அவர்கள் அதைப் படித்துப் புரிந்துகொண்டு, அடுத்த நாள் அளவீட்டைத் தொடர்ந்து எழுத முடிந்தால் அவ்வொப்பந்தம் செம்மையாக எழுதப்பெற்றது என்று கொள்ளலாம்.