முதலில் அரவையைக் கவனியுங்கள்!

மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் நடந்தால், பூக்கடையின் மல்லிகை வாசனைக்கும் காய்கறிக் கடையின் கறிவேப்பிலை வாசனைக்கும் நடுவே, வறுத்த காப்பிக்கொட்டையின் மணம் வந்து மூக்கைத் துளைக்கும். அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே போய்க் கடையைக் கண்டுபிடித்துவிடலாம், விலாசம் வேண்டியதில்லை! மைசூர் கன்சர்ன்ஸ் போன்ற கடைகளின் வாசலில் நின்று, "பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி கொஞ்சமாகப் போடுங்கோ" என்று சொல்லி, சூடு ஆறாத பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயில் ஏறியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அப்படிப்பட்ட பரம்பரையில் வந்த எங்கள் செம்பூர் வீட்டில், சென்ற வருஷம் காப்பியால் ஒரு சின்ன மகாபாரதமே நடந்தது.

என் மகன் தீபாவளி போனஸில் ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஓர் எஸ்பிரஸோ மெஷின் வாங்கி வந்தான். மேடையில் ஃபில்டர் இருந்த இடத்தில் அது உட்கார்ந்தது. ஃபில்டர் அலமாரிக்குள் போயிற்று. முதல் காப்பியை என் மாமியாரிடம்தான் கொடுத்தான். அவருக்கு வயது எழுபத்தெட்டு. ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா இது, ஒரு பக்கம் புளிக்கறது, ஒரு பக்கம் கஷாயம் மாதிரி கசக்கறது?" என்றார். அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் போராடிவிட்டு, "இது மட்டமான மெஷின் அம்மா. நாற்பதாயிரத்தில் ஒன்று இருக்கிறது, தவணையில் வாங்கிவிடலாம்" என்றான் மகன். வீட்டுக் கடனே இன்னும் முடியவில்லை. என் கணவர் பேப்பரைக் கீழே வைக்காமலே, "பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது" என்றார். இதற்கிடையில் மாமியார் வாயைத் திறக்காமல் காலையில் டீ குடிக்க ஆரம்பித்துவிட்டார். ஐம்பது வருஷமாக இந்த வீட்டின் முதல் டிகாக்ஷனை இறக்கியவர் அவர். அதுதான் என்னை உறுத்தியது.

எது எஸ்பிரஸோ?

கல்யாண வீட்டில் 'புஸ்ஸ்' என்று சத்தம் போட்டு நுரை பொங்கத் தருகிறார்களே, அதைத்தான் நாம் இத்தனை நாளாக எஸ்பிரஸோ என்று சொல்லி வந்தோம். அது பெரும்பாலும் இன்ஸ்டன்ட் தூளும் பாலும் கலந்து, நீராவியால் நுரைக்க வைப்பது. இத்தாலிக்காரரின் எஸ்பிரஸோ வேறு. 1901-இல் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா நீராவி அழுத்தத்தில் இயங்கும் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். நீராவி தூளைக் கருக்கியது. அதே ஊர்க்காரர் அக்கில்லே கஜ்ஜியா 1938-இல் வேறு வழிக்குக் காப்புரிமை கோரினார். நீராவியை விட்டுவிட்டு, வெந்நீரையே பலமாக அழுத்தித் தூளுக்குள் செலுத்தும் வழி அது. மேலே பொன்னிற நுரை வந்தது அதற்குப் பிறகுதான்.

கணக்கு இதுதான்: சுமார் 9 பார் அழுத்தம், 90 முதல் 96 டிகிரி வரை சூடு, 25 முதல் 30 விநாடி. நம் ஃபில்டரில் கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்குவது இங்கே அரை நிமிஷத்தில் இறங்க வேண்டும். அதனால் தூள் மிக நைஸாகவும், முக்கியமாக ஒரே சீராகவும் இருக்க வேண்டும்.

இங்கேதான் எங்கள் குட்டு வெளிப்பட்டது. மகன் கொட்டையை அரைத்தது மிக்ஸியில்! மிக்ஸியின் பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, வெட்டுகிறது. பாதி மாவாகிறது; பாதி ரவையாக நிற்கிறது. மாவிலிருந்து அளவுக்கு மீறிச் சாறு இறங்கிக் கசக்கும். ரவையிலிருந்து சரியாக இறங்காமல் புளிக்கும். மாமியார் ஒரே வாயில் சொன்ன தீர்ப்பு இதுதானே!

பரணில் இருந்த பொக்கிஷம்

"கொட்டையை நசுக்கி அரைக்கணும்டா, வெட்டக் கூடாது. தாத்தாவோட மெஷின் பரண்லதானே இருக்கு?" என்றார் மாமியார். பலகையில் திருகிப் பொருத்தி, கைப்பிடியால் சுற்றும் இரும்பு மெஷின். மாமனார் காலமான பிறகு யாரும் தொடவில்லை. இறக்கினால் ஒரே துரு.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் எடுத்துப் போனோம். கழற்றிப் பார்த்துவிட்டு, "பல்லு நல்லாத்தான் இருக்கு சார். துரு மட்டுந்தான். இந்த இரும்பு இப்போ எங்க கிடைக்குது?" என்றார். இருநூற்று ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு புதுசு போலத் தந்தார்.

ஃபில்டர் காப்பிக்கு அது அமிர்தமாக அரைத்தது. எஸ்பிரஸோவுக்கு மட்டும் அந்த நைஸ் சீராக வரவில்லை. அதற்கென்று, எஃகுப் பற்கள் உள்ள, சுற்றுக்குச் சுற்று நுணுக்கமாகத் திருகி வைக்கக்கூடிய புதிய கைமெஷின் ஒன்று ஐயாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினோம். கரண்டில் ஓடுவது வேண்டுமென்றால் இதே தரத்துக்கு இதைவிட நிறையக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் குடிக்கும் வீட்டில் கை வலித்துவிடாது!

அடுத்தது, மெஷினோடு வரும் வடிகூடை. விலை குறைந்த மெஷின்களில் பெரும்பாலும் இரட்டை அடியுள்ள கூடை வரும். கீழே ஒரே ஒரு பொடி ஓட்டை. எந்தத் தூளைப் போட்டாலும் நுரை போல ஒன்றைக் காட்டிவிடும். நல்ல அரவை கைக்கு வந்ததும் ஒற்றை அடிக் கூடைக்கு மாறிவிடலாம். 51, 54, 58 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு. அளந்து பார்த்து வாங்குங்கள். கூடையும் தூளை அழுத்தும் எஃகுக் கட்டையும் சேர்த்து ஆயிரத்து முந்நூறு. கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு அறுநூறு. ஆக மொத்தம் ஏழாயிரத்து அறுநூற்று ஐம்பது. மெஷின் அதே பழைய மெஷின்தான்! அட்டைப்பெட்டியில் '15 பார்', '20 பார்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பம்ப்பின் உச்ச சக்தி. காப்பிக்கு வேண்டியது ஒன்பதுதான்.

செய்முறை

பதினாறு கிராம் தூள், கோப்பையில் முப்பத்திரண்டு கிராம் காப்பி என்று ஆரம்பியுங்கள். பன்னிரண்டு விநாடியில் கொட்டிவிட்டால் இன்னும் நைஸாக அரையுங்கள். நாற்பத்தைந்து விநாடி இழுத்தால் கொஞ்சம் கொரகொரப்பாக அரையுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். தூள் போடுமுன் ஒரு தடவை வெறும் வெந்நீரை ஓடவிட்டால் மெஷினும் கோப்பையும் சூடாகும்.

எஸ்பிரஸோவுக்குச் சிக்கரி கூடாது. ஈரம் பட்டதும் அது குழைந்து அடைத்துக்கொள்ளும். கொட்டை வறுத்த தேதியைக் கடையில் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கொஞ்சம் ரொபஸ்டா கலந்தால் நுரை கூடும். நம் மும்பைக்குத் தான்சா, பாட்சா ஏரிகளிலிருந்து வருவது மென்னீர், மெஷினுக்கு நல்லது. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் உப்புப் படியும். அவ்வப்போது சிட்ரிக் அமிலக் கரைசல் ஓட்டிக் கழுவ வேண்டும்.

பணம் போடும் வரிசையைச் சுருக்கமாகச் சொன்னால்: முதலில் புதிய கொட்டை, இரண்டாவது அரவை, மூன்றாவது கூடையும் தராசும். இவ்வளவும் செய்த பிறகும் குறை இருந்தால்தான் புது மெஷின்.

ஜூலையில் ஒரு நாள், அடைமழை. முதல் நாள் சரியாக வந்த காப்பி திடீரென்று சரியாக இறங்கவில்லை. மகன் தராசைப் பார்க்கிறான், கடிகாரத்தைப் பார்க்கிறான். மாமியார் தூளை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்து, "மழை ஈரம்டா. இதுல பிசுபிசுப்பு இருக்கு. ஒரு சுத்து தளர்த்து" என்றார். தளர்த்தினான். இருபத்தெட்டு விநாடியில், தேன் போல இறங்கியது!

இப்போது மேடையில் இரண்டும் இருக்கின்றன. மாமியாருக்குக் கை நடுங்குகிறது. கைப்பிடியைச் சுற்ற முடியாது. அதனால் ஆபீஸ் போகுமுன் பேரன் தாத்தாவின் மெஷினைச் சுற்றுகிறான். பாட்டி தூளைத் தொட்டுப் பார்த்து "போதும்" என்கிறார். முதல் டிகாக்ஷனை அவரே இறக்குகிறார். டீ நின்றுவிட்டது.

புது மெஷினுக்குத் தவணை எழுதுமுன் உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்!