கடைசி வரியைப் பாருங்கள்

அந்த மின்னஞ்சல் வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அடுத்த வீட்டு மாமி என்னிடம் அதைப் பற்றிச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியை ஒட்டிய எங்கள் சந்தில் பாதிப் பேருக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"அன்னிக்கே ஏன் மாமி சொல்லலை?"

"வெக்கமா இருந்துதுப்பா. ஊருக்கே கணக்கு சொல்லிக்கொடுத்தவ, ஏமாந்துட்டேன்னு எப்படிச் சொல்றது?"

மாமி படம் பார்க்கும் இணையத்தளத்தின் பெயரில் வந்த மடல் அது. அதே நிறம், அதே முத்திரை. சந்தாப் பணம் எடுக்க முடியவில்லை, 24 மணி நேரத்துக்குள் கார்டு விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு நிறுத்தப்படும் என்று எழுதியிருந்தது. சந்தா கட்டுவது அமெரிக்காவில் இருக்கும் மகன். அங்கே விடியற்காலை, அவனை எழுப்ப வேண்டாம் என்று மாமி தானே பொத்தானை அழுத்தினார். கார்டு எண்ணைப் போட்டார், ஓடிபி வந்தது, அதையும் போட்டார். 38,400 ரூபாய் போனது. சனிக்கிழமை, ஓடிபி கேட்காமலே, வெளிநாட்டு நாணயத்தில் இன்னொரு தொகை போனது.

ஆங்கிலத்தில் பிஷிங் என்பார்கள். நமக்குத் தூண்டில் என்ற சொல்லே போதும். மீனுக்குப் புத்தியில்லை என்று யாரும் சொல்வதில்லை. அதற்குப் பசிக்கும் நேரம் பார்த்து இரை போடுகிறார்கள், அவ்வளவுதான். ஜூலை, ஆகஸ்டில் வருமான வரி ரீஃபண்ட் வந்திருப்பதாக ஒரு மடல் வரும். தீபாவளிக்கு முன்னால், தி.நகர் ரங்கநாதன் தெருவில் நெரிசல் கூடும் அதே வாரங்களில், நீங்கள் வாங்கிய பொருள் கூரியரில் நிற்கிறது, முகவரியைச் சரிபார்க்க 25 ரூபாய் கட்டுங்கள் என்று வரும். 2024 டிசம்பரில் புது இ-பான் அட்டையைப் பதிவிறக்கச் சொல்லி ஒரு மடல் சுற்றியபோது, அது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே அறிவிக்க வேண்டியிருந்தது.

அனுப்புநர் பெயர் சரியாக இருந்ததே என்று மாமி கேட்டார். நியாயமான கேள்வி. தபால் உறையின் மூலையில் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். தபால்காரர் அதைச் சரிபார்ப்பதில்லை. மின்னஞ்சலும் அப்படித்தான் பிறந்தது. 1982-இல் வகுத்த அதன் அடிப்படை விதிமுறையில் அனுப்புநரைச் சோதிக்க வழி எதுவும் இல்லை. பிற்பாடு சேர்த்த சோதனைகள் பல போலிகளைத் தடுக்கின்றன, ஆனால் எல்லாவற்றையும் அல்ல. திருடன் தனக்கென்று ஒரு முகவரியை வாங்கி, பெயரை மட்டும் நிறுவனத்தின் பெயராக வைத்துக்கொண்டால், சோதனைகள் எல்லாவற்றிலும் அவன் தேறிவிடுவான்.

அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், பின்கோடைப் பாருங்கள். ஓர் உறையில் முதல் வரியில் மயிலாப்பூர் என்றும், அடுத்த வரியில் கபாலீசுவரர் கோயில் அருகில் என்றும் எழுதியிருக்கலாம். கடைசியில் 600004 இல்லையென்றால் அந்தக் கடிதம் வேறு ஊருக்குத்தான் போகும். இணைய முகவரிக்கும் கடைசிப் பகுதிதான் ஊர். முகவரியில் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு உடனே முன்னால், புள்ளியால் பிரிந்து நிற்கும் கடைசி இரண்டு மூன்று சொற்கள்தான் உண்மையான உரிமையாளர். அதற்கு முன்னே அமேசான் என்றோ நெட்ஃபிளிக்ஸ் என்றோ என்ன எழுதியிருந்தாலும் அது வெறும் அலங்காரம். மின்னஞ்சல் முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் வருவதை இதே போலப் படியுங்கள். ஆங்கில ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும், ஆகவே நிதானமாகப் படிக்க வேண்டும். கைபேசியில் இணைப்பைத் தட்டாமல் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழு முகவரியும் தெரியும்.

வங்கிகளைப் பொறுத்தவரை இந்த வேலை இப்போது எளிது. நம் நாட்டு வங்கிகள் தங்கள் இணையத்தளங்களை 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அப்படி முடியும் முகவரியை வங்கிகள் மட்டுமே வாங்க முடியும். வருமான வரித்துறைக்கு முடிவு 'கவ் டாட் இன்'.

இதைவிடப் பத்திரமான வழி, மடலில் உள்ள பொத்தானைத் தொடவே தொடாமல் இருப்பது. சந்தா நின்றுவிட்டதாகச் சொன்னால், நிறுவனத்தின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். உண்மையானால் அங்கேயும் சொல்லும். கடவுச்சொல்லை உங்கள் கைபேசியோ கணினியோ நினைவில் வைத்திருந்தால் இன்னொரு காவலும் உண்டு: உண்மையான தளத்தில் அது தானாக நிரப்பும், போலித் தளத்தில் நிரப்பாது. நிரப்பவில்லையென்றால் நீங்கள் தட்டச்சு செய்யத் தொடங்காதீர்கள், நிறுத்துங்கள். ஓடிபி குறுஞ்செய்தியில் ஆறு எண்கள் மட்டும் இருப்பதில்லை. எவ்வளவு தொகை, யாருக்கு என்பதும் அதிலேயே இருக்கும். மாமிக்கு வந்த செய்தியிலும் 38,400 என்று இருந்தது. அவசரத்தில் கண் எண்களுக்கு மட்டும் போயிருக்கிறது.

ஏமாந்தது நாம்தானே, யாரிடம் போய்க் கேட்பது என்று நினைப்பவர்கள் தூத்துக்குடி வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அபுதாபியில் வேலை பார்த்த ஒருவருக்கு ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு. 2007 செப்டம்பரில் வங்கியின் பெயரில் வந்த மடலை நம்பி, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பதிலாக எழுதி அனுப்பினார். 6.46 லட்சம் ரூபாய் மும்பையில் இருந்த ஒரு நிறுவனத்தின் கணக்குக்குப் போனது, பெரும்பகுதி அங்கேயே எடுக்கப்பட்டது. கடவுச்சொல்லைக் கொடுத்தது அவர் தவறு என்றது வங்கி. அவர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 46 பிரிவுகளின் கீழ் சென்னையில் மனு கொடுத்தார். விசாரித்தவர் தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் டேவிதார். இப்படிப்பட்ட ஊடுருவலைத் தடுக்கும் பாதுகாப்பை வங்கி வைத்திருக்கவில்லை என்று சொல்லி, 12.85 லட்சம் ரூபாய் தரும்படி 2010 ஏப்ரல் 12 அன்று உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அந்தத் தீர்ப்பாயத்துக்கு 2011 நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் தலைவரே இல்லை. கடைசியில் அதன் பணி தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்திடம் போய், 2019 ஜனவரியில் அங்கேயும் வங்கி தோற்றது.

இத்தனை ஆண்டு காத்திருப்பதா என்று மலைப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனாலும் கடவுச்சொல்லைத் தானே எழுதிக் கொடுத்த மனிதர் வென்ற வழக்கு இது. தவறு உங்கள் பக்கமும் இருப்பதால் உங்கள் உரிமை செத்துவிடுவதில்லை. அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது. 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டை அந்தத் துறையின் செயலாளரிடமே கேட்கலாம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றியவருக்கு அதே சட்டத்தின் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

நேரத்தைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் ஒரு விதி இருக்கிறது. ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு முழுவதும் வங்கியுடையது. மாமி வெள்ளிக்கிழமை இரவே வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்கியிருந்தால், சனிக்கிழமைத் தொகை போயிருக்காது, போனாலும் அது வங்கியின் பொறுப்பு. வெட்கப்பட்டு வாய் மூடியிருந்த இரண்டு நாளுக்கு இவ்வளவு விலை. வாடிக்கையாளரின் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, இடையில் வேறெங்கோ ஓட்டை என்றால், 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பே கிடையாது. யார் பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமையும் வங்கியுடையதுதான்.

வங்கிக்கு அடுத்து 1930. அந்த எண்ணில் சொன்னால், பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போய், எடுக்கப்படாமல் இருக்கும் தொகையை முடக்க முடியும். அது ஓர் ஓட்டப்பந்தயம், திருடன் ஏற்கனவே ஓடத் தொடங்கிவிட்டான். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிந்து ஒப்புதல் எண்ணை வாங்குங்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என எந்தக் காவல் நிலையத்துக்கும் போகலாம். "இது எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 173-ஆம் பிரிவு இடம் தருவதில்லை.

எரிச்சலில் அந்த மடலை அழித்துவிடாதீர்கள். அதன் தலைப்பகுதியில்தான் அது எந்தெந்த வழியாக வந்தது என்ற தடம் இருக்கிறது. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மூன்று புள்ளிகளைத் தட்டி, அசல் வடிவத்தைப் பதிவிறக்கி வையுங்கள். கொடுத்தது மின்னஞ்சல் கடவுச்சொல் என்றால், அதை மாற்றினால் மட்டும் போதாது. உங்களுக்கு வரும் மடல்கள் வேறொரு முகவரிக்குத் தானாகப் போகும்படி திருடன் அமைப்புகளில் மாற்றிவைத்திருக்கலாம். அதையும் பார்த்து நீக்க வேண்டும்.

திங்கட்கிழமை மாமியோடு வங்கிக்குப் போனேன். புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினோம். ஓடிபி கேட்காமல் போன தொகைக்குத் தனிப் பத்தி எழுதச் சொன்னேன். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. சுற்றறிக்கை வங்கிக்குத் தரும் மொத்தக் கெடு 90 நாள். மாமி தன் பழைய கணக்கு நோட்டில் தேதி போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். இன்று 41.