நுளம்பினுள் வாழும் நுண்ணுயிர்

மழைக்காலம் வந்தால் கண்டி மாநகரின் பூச்சாடிகளிலும் கூரைப்பீலிகளிலும் நீர் தேங்குகின்றது. டெங்கு அச்சமும் உடன் பிறக்கின்றது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். அந்நோயைப் பரப்பும் நுளம்பை அடக்க வேறொரு சிற்றுயிர் நமக்குத் துணையாகுமா? ஆகும் என்கிறது விஞ்ஞானம்.

1924இல் ஹேர்ட்டிக், வொல்பாக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் நுளம்பொன்றின் உடலுக்குள் ஒரு பற்றீரியாவைக் கண்டனர். அதுவே பின்னர் வொல்பாக்கியா எனப் பெயர் பெற்றது. அது தாயின் முட்டை வழியே சந்ததிக்குச் செல்லும். தந்தை வழிச் செல்லாது. ஆதலின், தன்னைத் தாங்கிய பெண்ணினம் பெருக அது ஒரு தந்திரம் புரிகின்றது. வொல்பாக்கியா உள்ள ஆண் நுளம்பு அஃது இல்லாப் பெண்ணைக் கூடினால் முட்டைகள் பொரிப்பதில்லை. அதனை உடைய பெண்ணின் முட்டைகளோ, எவ்வகை ஆணைக் கூடினும் பொரிக்கும். இவ்வாறு சில தலைமுறைகளில் அப்பற்றீரியா இனமெங்கும் பரவிவிடுகின்றது.

டெங்கைப் பரப்புவதில் முதன்மையான ஏடிஸ் எஜிப்தி நுளம்பில் இப்பற்றீரியா இயல்பாக இல்லை. ஆய்வுகூடத்தில் அதனுள் புகுத்தியபோது, டெங்கு வைரசு அந்நுளம்பினுள் பெருகுவது தடைப்பட்டது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்த சோதனையில் நோய் 77 வீதம் குறைந்ததென 2021இல் அறிக்கை வெளியாயிற்று. நம் நாட்டில் நுகேகொடையிலும் 2020இல் இத்தகைய நுளம்புகள் விடப்பட்டன.

ஆயினும், நம் தோட்டங்களில் திரியும் மற்றோர் இனமான ஏடிஸ் அல்பொபிக்டஸ், வொல்பாக்கியாவை இயல்பாகவே கொண்டிருந்தும் டெங்கைப் பரப்பவல்லது. ஆகவே, பூச்சாடியில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுவது இன்றும் நம் கடனேயாகும்.